30,000 ரூபாய்க்குள்ள வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ண என்னென்ன வாங்கலாம்?

கேள்வி சுருக்கமா இதுதான். சென்னைல வாடகை வீடு, முதல் மாடி, தெருவப் பாத்த 10க்கு 10 ரூம். கேட்டவர் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவர், 1 கட்டை (C) ஸ்ருதியில பாடுறார், கூட கீபோர்டும் வாசிப்பார். ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம்ல ஒரு விண்டோஸ் லேப்டாப் இருக்கு. கையில 30,000 ரூபாய் இருக்கு, அதுல கண்டென்சர் மைக் (ஸ்டுடியோல வைக்கற, சின்னச் சத்தத்தயும் நுணுக்கமா எடுக்கற மைக்), மானிட்டர் ஸ்பீக்கர் (ரெக்கார்ட் பண்ணினத கேட்டு சரி பாக்கற ஸ்பீக்கர்), செவுத்துக்கு ஃபோம், சாஃப்ட்வேர் எல்லாம் அடங்குமான்னு கேக்குறார்.

அடங்கும்ங்க, ஆனா நீங்க எழுதியிருக்க லிஸ்ட்ட அப்படியே வாங்கினா அடங்காது. இழுத்துப் புடிச்சு அடக்கினாலும் நீங்க நினைக்கிற சவுண்டு வராது. ஏன்னா அந்த லிஸ்ட் எதிரொலி வராம சரிபண்ணின அமைதியான ரூம் இருக்கறவங்களுக்கான லிஸ்ட், உங்க ரூம் தெருவப் பாத்த ரூம். மைக் எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வீட்டப் பாக்கணும், வீடு எப்படியோ அதுக்கேத்த மைக்தான் வாங்கணும், இத நான் யார் கேட்டாலும் முதல்ல சொல்லுவேன்.

இன்னைக்கு ராத்திரியே ஒரு டெஸ்ட் பண்ணுங்க, காசு ஒண்ணும் ஆகாது. ஃபேன் ஏசி ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு போன்ல வாய்ஸ் ரெக்கார்டர ஆன் பண்ணி ஒரு நிமிஷம் பேசாம இருங்க, அப்புறம் ஓங்கி ஒரு தடவை கை தட்டுங்க, அப்புறம் ச-ப-ச நிறுத்தி நிதானமா பாடுங்க. இயர்போன் போட்டு கேட்டா ரெண்டு பிரச்சனை தனித்தனியா தெரியும். அமைதியா இருந்த அந்த ஒரு நிமிஷத்துல ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, மோட்டார் சத்தம் எல்லாம் எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியும், இது வெளிய இருந்து வர்ற சத்தம். கை தட்டினதுக்கு அப்புறம் டிர்ர்ர்னு ஒரு வால் மாதிரி இழுத்துட்டு வந்தா அது ரூமோட எதிரொலி, ரெண்டு வெறும் செவுரு நேருக்கு நேரா நின்னு சத்தத்த மாத்தி மாத்தித் திருப்பி விடுறது. ஃபோம் ஒட்டினா இந்த ரெண்டாவது பிரச்சனை கொஞ்சம் குறையும், முதல் பிரச்சனை துளியும் குறையாது. ஃபோம் ஒட்டினா ஹாரன் கேக்காதுன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் காச விடுறாங்க. வெளிச்சத்தத்த நிறுத்தணும்னா கனமான செவுரு, இடைவெளி இல்லாத கதவு ஜன்னல்னு வேணும், வாடகை வீட்ல அதெல்லாம் நடக்காது, நேரத்தத்தான் மாத்தணும். ராத்திரி 11 மணிக்கு மேல, இல்ல விடியறதுக்கு ரொம்ப முன்னாடி. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு அமைதியான நேரம் இருக்கு, உங்க தெருவுக்கு எதுன்னு கண்டுபிடிங்க.

எதிரொலிக்கு ஃபோம் வேண்டாம், கனமான ரஜாய் ரெண்டு போதும். ஒரு இன்ச் ஃபோம் ஷீட் மேல் ஸ்தாயி சத்தத்த மட்டும்தான் குடிக்கும், கீழ விட்டுரும், அதனால ரூம் மந்தமா ஆயிடும் ஆனா சுத்தமா ஆகாது. கணக்கு போட்டே பாக்கலாம்: சத்தம் காத்துல வினாடிக்கு 343 மீட்டர் போகுது, 100 ஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளம் 3.4 மீட்டருக்கு மேல, இத்தனை பெரிய அலைய ஒரு இன்ச் பஞ்சு என்ன பண்ண முடியும். முட்டை ட்ரே ஒட்டுறது இதவிட வேஸ்ட், அது வெறும் அட்டை.

அந்த ரஜாய எங்க தொங்கவிடணும்ங்கறதுதான் முக்கியம், இங்கதான் பெரும்பாலும் தப்பு நடக்குது. மைக்குக்குப் பின்னாடி வளைவா ஒரு ஷீல்டு வாங்கி மாட்டுறாங்க. கார்டியாய்ட் மைக்குக்கு முன்பக்கம்தான் காது, பின்பக்கம் கிட்டத்தட்ட செவிடு. அப்போ அந்த மைக் எதப் பாத்துட்டு இருக்கு? உங்க மூஞ்சிய, அதுக்குப் பின்னாடி இருக்க செவுத்த. அதனால ரஜாய் உங்க முதுகுக்குப் பின்னாடி வரணும், முடிஞ்சா ரெண்டு பக்கவாட்டுலயும். தெருப்பக்கத்து ஜன்னல், லேப்டாப் ஃபேன் இதெல்லாம் மைக்கோட முதுகுப் பக்கம் இருக்கணும். துணி நிறைஞ்ச பீரோவ தொறந்து வச்சு அதுக்கு முன்னாடி முதுகக் காட்டி நின்னு பாடினாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

இன்னொண்ணு, உங்களுக்குன்னே சொல்றேன், ஏன்னா 1 கட்டைன்னு எழுதியிருக்கீங்க. 10க்கு 10 ரூம்ல சீலிங்கும் பெரும்பாலும் 10 அடியாத்தான் இருக்கும், அதாவது நீளம் அகலம் உயரம் மூணும் ஒண்ணு, சவுண்டுக்கு இதவிட மோசமான அளவு இல்ல. 10 அடி இடைவெளில 56 ஹெர்ட்ஸ் ஒரு தடவை நின்னு அதிரும், அதோட ரெட்டிப்பு 112. மூணு திசையிலயும் அதே நம்பர்ங்கறதால ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும். 1 கட்டைல உங்க ஆதார ஷட்ஜம் கிட்டத்தட்ட 131 ஹெர்ட்ஸ், அங்கருந்து மந்திர ஸ்தாயிக்கு இறங்கினா சதுஸ்ருதி தைவதம் 109, 110ல வந்து நிக்கும், அதாவது ரூம் அதிர்ற இடத்துக்குப் பக்கத்துலயே. கரகரப்பிரியாலயோ சங்கராபரணத்துலயோ கீழ இறங்கும்போது அந்த தைவதம் மட்டும் பம்முனு ஊதிக்கிட்டு வந்தா உங்க குரல்ல குறையில்ல, ரூம்தான் காரணம். ரூமோட நட்ட நடுவுலயும் மூலையிலயும் நிக்காதீங்க, செவுத்துலருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி நில்லுங்க, ரெண்டு அடி நகர்ந்தாலே வித்தியாசம் கேக்கும், நகர்ந்து நகர்ந்து பாடிப் பாத்து நல்லா இருக்க இடத்துல தரையில ஒரு டேப் ஒட்டிக்கோங்க.

இப்போ மைக். நீங்க கண்டென்சர் கேக்குறீங்க, நான் ஷூர் எஸ்எம்58 சொல்றேன். 1966லருந்து வர்ற மைக், எல்லா மேடையிலயும் பாத்திருப்பீங்க, ஏறக்குறைய 10,000 ரூபாய் வரும். இது டைனமிக் மைக், மேடையில கிட்ட வச்சுப் பாடுற வகை. டைனமிக் மைக் வெளிச்சத்தத்த எடுக்காதுன்னு பொதுவா சொல்லுவாங்க, அது பாதிதான் சரி. நிஜமான காரணம் தூரம். எஸ்எம்58ல நாலு விரல் அகலம் தள்ளி வாய வச்சுப் பாடுவோம், கண்டென்சர்ல ஒரு சாணுக்கு மேல தள்ளி நிப்போம். தூரம் ரெட்டிப்பாகும்போது குரல் 6 டெசிபல் குறையுது, ரூம் சத்தம் அப்படியே இருக்குது, அப்போ 3 இன்ச்லருந்து 12 இன்ச்சுக்குப் போனா குரலுக்கும் ரூமுக்கும் நடுவுல இருந்த வித்தியாசத்துல 12 டெசிபல் போச்சு, அது ரொம்பப் பெருசு. தெருவப் பாத்த ரூம்ல அந்த 12 டெசிபல விட்டுக் குடுக்க முடியாது. கண்டென்சர்லயும் கிட்டப் போய்ப் பாடலாம்தான், ஆனா மூச்சு, உதடு ஒட்டுற சத்தம், தாளம் போடும்போது தொடையில விழற தட்டு எல்லாம் அதுல பளிச்சுனு வரும்.

அமைதியான ரூம் இருந்தா நானே கண்டென்சர்தான் சொல்லியிருப்பேன், கமகத்தோட நுணுக்கம், குரலோட காத்து, மேல் ஸ்தாயியோட பளபளப்பு இதுல எல்லாம் ஒரு நல்ல கண்டென்சர் குடுக்கறத எஸ்எம்58 குடுக்காது. பின்னாடி வீடு மாறினா ஆடியோ டெக்னிகா ஏடி2020, கொஞ்சம் காசு சேந்தா ரோட் என்டி1. என்டி1ஓட சொந்த இரைச்சல் 4 டெசிபல்தான், ஏடி2020க்கு 20, ஆலாபனை மாதிரி மெதுவாப் பாடுற இடத்துல அந்த வித்தியாசம் தெரியும்.

ரெண்டு எச்சரிக்கை. எஸ்எம்58க்கு டூப்ளிகேட் மார்க்கெட்ல கொட்டிக் கிடக்கு, பாதி விலைக்கு வருதேன்னு வாங்கிடாதீங்க, ஒரிஜினல் 298 கிராம் இருக்கும், கையில வாங்கினாலே கனம் தெரியும், பில் குடுக்கற கடையில வாங்குங்க, அண்ணா சாலைல மியூஸி மியூசிக்கல் 1842லருந்து இருக்கற கடை, அந்த மாதிரி இடத்துக்கு நேர்ல போய் கையில எடுத்துப் பாத்து வாங்கறது நல்லது. ரெண்டாவது, ஆன்லைன்ல பிஎம்800 மைக், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் (வாய்க் காத்து மைக்ல அடிக்காம தடுக்கறது), வி8 சவுண்ட் கார்டு எல்லாம் சேத்து மூவாயிரம் நாலாயிரத்துக்கு ஒரு காம்போ வரும், பாக்க ஸ்டுடியோ மாதிரியே இருக்கும். சிரிப்புச் சத்தம், கைதட்டல் சத்தத்துக்கெல்லாம் பட்டன் இருக்க பெட்டி அது, லைவ்ல உக்காந்து பேசறவங்களுக்கு செஞ்சது, பாட்டு ரெக்கார்டிங்குக்கு இல்ல. அந்தக் காச அப்படியே வச்சிருந்தா இன்டர்ஃபேஸ்ல பாதி வந்துரும்.

இன்டர்ஃபேஸ்னா மைக்க லேப்டாப்போட சேக்குற பெட்டி. பெஹ்ரிங்கர் யூஎம்சி202ஹெச்டி வாங்குங்க, 9,000 ரூபாய் சுமாருக்கு வரும். இதோட தம்பி யூஎம்சி22 இன்னும் விலை கம்மி, அதத்தான் நிறைய பேர் வாங்குறாங்க, ஆனா ரெக்கார்டிங் தரத்துல அது 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸோட நின்னுரும், அதவிட முக்கியமா விண்டோஸ்ல அதுக்குன்னு சொந்த ஆசியோ டிரைவர் (சத்தத்த தாமதமில்லாம கொண்டுபோற சாஃப்ட்வேர்) கிடையாது, ஆசியோ4ஆல்னு ஒரு பொது டிரைவரப் போட்டு ஒப்பேத்தணும். 202ஹெச்டிக்கு கம்பெனியோட சொந்த டிரைவர் இருக்கு, 24 பிட் இருக்கு, மைக் இன்புட் ரெண்டு இருக்கு. டிரைவர் ஏன் இவ்வளவு முக்கியம்னா, நீங்க பாடுறது கம்ப்யூட்டருக்குள்ள போய்ட்டு திரும்பி ஹெட்போனுக்கு வர்றதுக்கு ஆகுற தாமதம் அது கையிலதான் இருக்கு. 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து வச்சு அனுப்புற அளவு, 128 வச்சா போறதுக்கு 3 மில்லிசெகண்டுக்குள்ள, வர்றதுக்கு அதே அளவு, கூட டிரைவர் எடுத்துக்கற கொஞ்சம். மொத்தம் 10 மில்லிசெகண்டுக்குக் கீழ இருந்தா உங்களுக்கு உறுத்தாது, அதத் தாண்டி ஏற ஏற தாளம் காலுக்கு ஒண்ணு காதுக்கு ஒண்ணா ஆயிடும். லேப்டாப் திணறினா பஃபர ஏத்திட்டு பெட்டியில இருக்க டைரக்ட் மானிட்டர ஆன் பண்ணிக்கோங்க, அப்போ உங்க குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே நேரா காதுக்கு வந்துரும்.

இன்னும் நாலஞ்சாயிரம் போடலாம்னா ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இருக்கு, நல்ல பெட்டிதான், ஆனா அதுல மைக் இன்புட் ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு உங்க நண்பர் மிருதங்கத்தோட வந்தா வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடது முகம்) ஒரு மைக்னு வைக்க முடியாது. அதுக்கு ஸ்கார்லெட் 2ஐ2 எடுக்கணும், அது உங்க பட்ஜெட்ட ஒரேயடியா முழுங்கிடும். யூஎஸ்பி மைக்லயும் இதே சிக்கல்தான், தனியா உக்காந்து பேசறவங்களுக்கு வசதி, பக்கவாத்தியம் சேரணும்னா முட்டுச்சந்து.

மானிட்டர் ஸ்பீக்கர் இப்போ வேண்டாம். முன்னாடி சொன்னேனே அந்த 56, 112 ஹெர்ட்ஸ் சமாச்சாரம், ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அது அந்த ரூம் வழியாத்தான் உங்க காதுக்கு வரணும், அதனால ரூம் ஊதிவிடுற சத்தம் அதுலயும் ஊதித்தான் கேக்கும். ரூம சரி பண்ணாம யமஹா ஹெச்எஸ்5 மாதிரி நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கி வச்சா பேஸ் ஜாஸ்தின்னு நினைச்சு குறைச்சுக்கிட்டே இருப்பீங்க, வெளிய போய் கார்ல போட்டா பாட்டு சப்புனு இருக்கும். காது மூடுற ஹெட்போன் ஒண்ணு வாங்குங்க, ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் 5,000 ரூபாய்க்கு கிட்ட, நல்லாவே இருக்கும். கையில இன்னும் இருந்தா சோனி எம்டிஆர்-7506, 1991லருந்து ஸ்டுடியோக்காரங்க பயன்படுத்துறது, கொஞ்சம் கூர்மையா இருக்கும் ஆனா தப்ப எல்லாம் காட்டிக் குடுத்துரும். ப்ளூடூத் ஹெட்போன் எதுவும் ரெக்கார்டிங்குக்கு ஆகாது, அதுல வர்ற தாமதத்துக்கு பாடவே முடியாது.

மிச்சம் இருக்கறது 3 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்கான மூணு பின் கேபிள்) ஒண்ணு, பூம் (சாய்க்கற கை) வச்ச மைக் ஸ்டாண்டு ஒண்ணு. ஸ்டாண்டுல மிச்சம் பிடிக்காதீங்க, தலை தொங்குற ஸ்டாண்டு பாட்டு நடுவுல மெல்ல இறங்கும், தூரம் மாறும், குரல் மாறும். தரையில சம்மணம் போட்டு உக்காந்து பாடுற பழக்கம்னா குட்டை ஸ்டாண்டு கேட்டு வாங்குங்க, நின்னு பாடுறதவிட மூச்சுக்கு உங்களுக்கு அதுதான் பழகியிருக்கும். கேபிள் ரிச்சி ஸ்ட்ரீட்ல, சென்னையோட எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவுல, சொல்லி நல்ல கனெக்டரா போட்டு சால்டர் பண்ணி வாங்கலாம். பாப் ஃபில்டர் எஸ்எம்58 தலைக்குள்ளயே இருக்கு, தனியா வேண்டாம், ப எழுத்துல காத்து அடிச்சா மைக்க வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு வைங்க. எல்லாம் கூட்டினா சாஃப்ட்வேர் தவிர, ரஜாய் உள்பட 28,000 சுமாருக்கு முடியும். விலை மாசத்துக்கு மாசம் ஏறி இறங்கும், வாங்கறப்போ ரெண்டு மூணு இடத்துல பாத்துக்கோங்க.

சாஃப்ட்வேருக்கு ரீப்பர். 60 நாள் எதையும் பூட்டாம முழுசா குடுக்கறாங்க, அதுக்கப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர், நம்ம காசுக்கு ஐயாயிரம் சொச்சம், அது மட்டும் 30,000ஐ கொஞ்சம் தாண்டும், ஆனா இப்பவே போட வேண்டியதில்ல. ரொம்ப லேசானது, உங்க லேப்டாப்ல தாராளமா ஓடும். வின்ஆம்ப் ஞாபகம் இருக்கா, அத எழுதின ஜஸ்டின் ஃப்ராங்கலோடதுதான் இதுவும். மேக் இருக்கறவங்க கராஜ்பேண்ட் இலவசமா இருக்கறப்போ வேற தேட வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், ஒத்தக் குரல் பதிஞ்சு வெட்டி ஒட்ட நல்லது, ஆனா கீபோர்டு மிடியெல்லாம் (எந்தக் கட்டைய எப்போ அழுத்தினீங்கங்கற பதிவு) சேத்து வேலை செய்யறதுக்கு தோதா இருக்காது. எஃப்எல் ஸ்டூடியோ வாங்குறவங்க கவனிங்க, அதுல விலை கம்மியான ஃப்ரூட்டி எடிஷன்ல குரல் ரெக்கார்டிங் கிடையாது, ப்ரொட்யூசர் எடிஷன் எடுத்தாத்தான் உண்டு, இது தெரியாம வாங்கிட்டு முழிக்கிறவங்க இருக்காங்க. கிராக் வெர்ஷன் பென்ட்ரைவ்ல தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, கூடவே வைரஸ் வரும், பாதி வேலைல ப்ராஜெக்ட் தொறக்காமப் போகும், அதோட நம்ம பாட்டுக்குக் காசு வரணும்னு நினைக்கிற நாம இன்னொருத்தர் உழைப்ப அப்படி எடுக்கக் கூடாது.

கர்நாடகப் பாட்டுக்கு ரீப்பர்ல சில விஷயம் வசதியா இருக்கும். ப்ராஜெக்ட்ட 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்ல வைங்க, ஒரு குரல் டிராக்குக்கு நிமிஷத்துக்கு 9 எம்பிக்குள்ளதான் ஆகும். ஆதி தாளம்னா டைம் சிக்னேச்சர 8/4னு வச்சா ஒரு கோடு ஒரு ஆவர்த்தனம், மிஸ்ர சாபுன்னா 7/8, எந்த டேக்ல எந்த ஆவர்த்தனம் நல்லா வந்துச்சோ அத மட்டும் எடுத்துச் சேக்குறது சுலபம். தம்புராவ ஆப்ல போட்டு ரூம்ல ஒலிக்க விட்டுப் பாடாதீங்க, அது மைக்ல ஏறிட்டா அப்புறம் எதையும் வெட்ட முடியாது, தம்புராவ தனி டிராக்கா போட்டு ஹெட்போன்ல மட்டும் கேளுங்க, ஒரு காத கொஞ்சம் விலக்கி வச்சா சொந்தக் குரலும் கேக்கும், ஸ்ருதி சேரும். பிட்ச் கரெக்‌ஷன் பக்கமே போகாதீங்க, அது 12 சுரத்துல எது பக்கமோ அங்க இழுத்து உக்கார வைக்கும், தோடி காந்தாரத்தோட அசைவு எல்லாம் அதுக்குப் பிழையாத்தான் தெரியும், நேராக்கிடும், அப்புறம் அது தோடியே இல்ல.

லெவல் ஏத்தாதீங்க, இது ரொம்ப முக்கியம். உச்சத்துல பாடுறப்போ மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கட்டும், 24 பிட்ல கீழ நிறைய இடம் இருக்கு, பின்னாடி ஏத்திக்கலாம், சிவப்புல போய் உடைஞ்ச தார ஷட்ஜத்த யாராலயும் ஒட்ட முடியாது. பல்லவி பாடி லெவல் வைக்காதீங்க, சரணத்துல உச்சிக்குப் போற இடத்தப் பாடி வைங்க. ரெக்கார்ட் பண்றப்போ உய்ய்ங்னு ஒரு சத்தம் வந்தா முதல்ல லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாருங்க, நின்னுச்சுன்னா எர்த் பிரச்சனை, பேட்டரில ஓட்டிப் பாடிட்டு அப்புறம் சார்ஜ் போட்டுக்கலாம், பிளக்கோட எர்த் பின்ன மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீங்க.

மிக்ஸிங்குக்கு காசு போட்டு ப்ளக்இன் (சாஃப்ட்வேருக்குள்ள சேக்குற குட்டிக் கருவி) வாங்க வேண்டாம். ரீப்பர்லயே வர்ற ஈக்யூ (கீழ் மேல் சத்தத்த கூட்டிக் குறைக்கறது), கம்ப்ரெசர் (ஏற்ற இறக்கத்த சமன் பண்றது) போதும், ரிவெர்புக்கு (எதிரொலி சேக்கறதுக்கு) வல்ஹல்லா சூப்பர்மாசிவ் இலவசம், ஈக்யூவுக்கு டிடிஆர் நோவாவும் இலவசம், கீபோர்டுக்கு நல்ல சத்தம் வேணும்னா ஸ்பிட்ஃபயர் லேப்ஸ்ல இலவசமா நிறைய இருக்கு. கிட்ட நின்னு பாடினதால கீழ்ப்பக்கம் வீங்கியிருக்கும், 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிட்டு 150, 200 பக்கம் ரெண்டு மூணு டெசிபல் இறக்குங்க, அதுக்கு மேல வெட்டினா உங்க மந்திர பஞ்சமம் 98ல இருக்கு, அதுவும் கூடப் போயிடும். ரிவெர்ப் எவ்வளவு போட்டா நல்லா இருக்குன்னு தோணுதோ அதுல பாதி போடுங்க. யூட்யூப்ல ஏத்தறப்போ மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டோட மொத்த சத்த அளவு) சுமாருக்கு இருந்தா போதும், அதுக்கு மேல கத்த வச்சாலும் அவங்க இறக்கிடுவாங்க.

அடுத்து காசு சேந்தா எதுன்னு இப்பவே கேப்பீங்க. ரூமுக்கு 2 இன்ச் கனத்துல ராக்வூல் (சத்தத்த குடிக்கற கல் பஞ்சு) பேனல் நாலு துணி சுத்தி செஞ்சுக்கறது முதல்ல, வீடு மாறினாலும் எடுத்துட்டுப் போகலாம். அதுக்கப்புறம்தான் கண்டென்சர், ஸ்பீக்கர் எல்லாத்துக்கும் கடைசி. கீபோர்டு என்ன மாடல்னு நீங்க எழுதல, பின்னாடி யூஎஸ்பி ஓட்டை இருந்தா மிடியா நேரா லேப்டாப்புக்கே குடுத்துரலாம், ஒரு பிரின்டர் கேபிள் போதும், வேற ஒண்ணும் வாங்க வேண்டாம். இல்லாத பழைய மாடல்னா ஹெட்போன் அவுட்டுலருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரு கேபிள் வேணும், மாடல் பேரச் சொல்லுங்க, எந்தக் கேபிள்னு சொல்றேன்.